மாநாட்டுக்குப் போகிறீர்களா? முதலில் சாப்பிடுங்கள்!

வீட்டை விட்டு மூன்று நாள் வெளியூர் போக வேண்டுமென்றால், அதற்கு முந்தின இரவு நம்மில் எத்தனை பேருக்குத் தூக்கம் வருகிறது? எனக்கு வரவில்லை.

சென்ற பிப்ரவரி மாதம் மதுரையில் நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றி ஒரு மாநாடு. நான் படித்துப் பட்டம் வாங்கிய பண்டிதை அல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வயதான அம்மாக்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பாடும் தாலாட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது பத்து வருஷப் பழக்கம். அது எப்படியோ யார் காதுக்கோ எட்டி, "வந்து ஒரு கட்டுரை படியுங்கள்" என்று அழைப்பு வந்துவிட்டது. சந்தோஷம் ஒரு பக்கம், வயிற்றைக் கலக்குவது ஒரு பக்கம்.

புறப்படுவதற்கு முன் நான் செய்த காரியங்களைக் கேளுங்கள். ஒரு பெரிய தூக்கு நிறைய இட்லி மாவு. ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். பெரியவனுக்குப் பருப்புப் பொடி, சின்னவளுக்குத் தக்காளித் தொக்கு, அத்தைக்கு உப்புக் குறைத்துத் தனியாக ஒரு குழம்பு. எந்த வேளைக்கு எது என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதம் வேறு. "இது என்ன, பரீட்சைக் கால அட்டவணையா?" என்று கேட்டார் இவர்.

சரி, எனக்கென்று என்ன எடுத்துக்கொண்டேன் தெரியுமா? கட்டுரை, மூன்று புடவை, மாத்திரை டப்பா. அவ்வளவுதான். மாநாட்டில்தான் சாப்பாடு போடுகிறார்களே!

அத்தை மட்டும் வாசல் வரை வந்து சொன்னார்: "கையில ஏதாவது கட்டிக்கிட்டுப் போடி. நான் போனப்ப அப்படித்தான் போனேன்." அத்தை சொன்னது 1981 ஜனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை. மாமாவோடு ஊர்வலம் பார்க்கப் போனவர், மூன்று நாளைக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனாராம். "ஹோட்டல் வாசப்படி மிதிக்கலை" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். இரண்டாம் நாளே தயிர்சாதம் கெட்டுப்போய் மாமாவுக்கு வயிற்றால் போனதைச் சொல்லமாட்டார். அது மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மாத்திரை டப்பா என்றேன் அல்லவா? எனக்குச் சர்க்கரை உண்டு. சின்னவளைச் சுமந்தபோது கர்ப்பகாலச் சர்க்கரை வந்தது, பிரசவத்தோடு போய்விட்டது. போய்விட்டது என்று நானும் மறந்துவிட்டேன். கர்ப்பத்தில் ஒரு தடவை வந்து போனவர்களுக்குப் பிற்காலத்தில் திரும்பி வர வாய்ப்பு அதிகம், பிரசவம் ஆன ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு பரிசோதனையும், அப்புறம் ஓரிரு வருஷத்துக்கு ஒரு முறையும் செய்துகொள்ள வேண்டும் என்று இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன். அப்போது என் காதில் அது விழவில்லை. ஐந்து வருஷமாகக் காலைச் சாப்பாட்டுக்கு முன் கிளிமிபிரைடு மாத்திரை ஒன்று. அதை விழுங்கினால் சாப்பிட்டே ஆக வேண்டும். உடம்பில் இன்சுலினைச் சுரக்கச் செய்கிற மாத்திரை அது. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது.

மதுரையில் எனக்கு டவுன் ஹால் ரோட்டில் விடுதி. மாநாடு நடந்ததோ வைகைக்கு வடக்கே ஒரு கல்லூரியில். "காலைச் சிற்றுண்டி 8 மணி, மதிய உணவு 1 மணி" என்று அழைப்பில் அச்சடித்திருந்தது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஏழரைக்கு அறையிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினேன். போய்ச் சேர எட்டேகால். பெயர்ப் பதிவுக்கு வரிசையில் நின்று, பை வாங்கி, பேட்ஜ் குத்திக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால், பொங்கல் அண்டாவில் கரண்டி உரசுகிற சத்தம்தான் கேட்டது. கிடைத்தது அரை வடையும் ஒரு காபியும். "பரவாயில்லை, ஒரு மணிக்குத்தான் சாப்பாடு வந்துவிடுமே" என்று போய் உட்கார்ந்துவிட்டேன்.

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. பதினொரு மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய எங்கள் அமர்வு பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தது. நான் மூன்றாவதாகப் படிக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கியது. 'மேடைப் பயம்' என்று நினைத்தேன். ரவிக்கை முதுகோடு ஒட்டுகிற மாதிரி வேர்த்தது. பயம்தான் என்று நினைத்தேன். கையிலிருந்த காகிதத்தில் எழுத்தெல்லாம் எறும்பு போல ஊர ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. காரணமில்லாமல் மேடையில் பேசுகிறவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பக்கத்து நாற்காலியில் மடியில் குழந்தையோடு ஒரு பெண். திருநெல்வேலியிலிருந்து வந்தவள். ஆராய்ச்சி மாணவி. குழந்தைக்கு எட்டு மாதம். விட்டுவிட்டு வர ஆளில்லை என்று தூக்கிக்கொண்டே வந்திருந்தாள். அவள்தான் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு? உங்களுக்கு சுகர் உண்டா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வரும்" என்றவள், குழந்தையின் துணிப் பையைக் கொட்டிக் கவிழ்த்தாள். ரயிலில் டீயோடு கொடுக்கிற சர்க்கரைப் பொட்டலங்கள் மூன்று இருந்தன. கிழித்து என் உள்ளங்கையில் கொட்டினாள். வெறும் சர்க்கரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன், நடு சபையில், எல்லாரும் பார்க்க.

கால் மணி நேரத்தில் எழுத்துக்கள் தங்கள் இடத்துக்கு வந்து நின்றன. குழந்தைக்கென்று வைத்திருந்த வாழைப்பழத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டாள்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்கிறவர் ஒருவராவது இன்று உங்கள் வீட்டில் இருப்பார். ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. வேர்வை, நடுக்கம், படபடப்பு, கண் மங்கல், திடீர்க் கோபம் எல்லாம் அதன் அடையாளங்கள். உடனே சுமார் 15 கிராம் சர்க்கரை வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரை, இல்லையென்றால் குளுக்கோஸ், இல்லையென்றால் அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிஷம் பொறுத்துப் பார்த்து, சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரவிடும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும். இன்னொன்று, என்னுடையது போன்ற மாத்திரை என்றால் சர்க்கரை ஏறிவிட்டதே என்று சும்மா இருக்க முடியாது. மாத்திரை இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். மறுபடி இறங்கிவிடும். அதனால் உடனே ஒரு முழுச் சாப்பாடு வேண்டும்.

கட்டுரையைப் படித்தேன். எப்படிப் படித்தேன் என்று கேட்காதீர்கள். கைதட்டினார்கள். இறங்கி வந்தபோது மணி ஒன்றேமுக்கால். சாப்பாட்டு மணி அடிக்கிற வழியாக இல்லை. "வாம்மா, நாம வெளியில போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடலாம்" என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். "அக்கா, நானும் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. இவன் மட்டும் நாலு தடவை சாப்பிட்டுட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. என்னைக் கவனித்தவளை நான் கவனிக்கவில்லையே! பாலூட்டும் தாய்க்கு அந்த மாதங்களில் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளொன்றுக்கு ஐந்நூறு கலோரிக்கும் அதிகமாகத் தேவை என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இவளோ இரண்டு டம்ளர் டீயில் நாலு வேளைப் பால் கொடுத்திருக்கிறாள்.

இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துத் தல்லாகுளம் போனோம். அம்மா மெஸ், சந்திரன் மெஸ் என்று பேர்பெற்ற மெஸ்கள் அந்தப் பக்கம்தான். வாசலில் ஒரு நிமிஷம் தயங்கி நின்றோம். உள்ளே பார்த்தால் அத்தனையும் ஆண்கள். அந்தக் காலத்து ஹோட்டல்களில் 'ஃபேமிலி ரூம்' என்று ஒன்று இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அரைக் கதவும் அழுக்குத் திரையுமாக, மின்விசிறி சுற்றாத மூலையில். அதை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்று அது இருந்தால் தேவலை என்று இருந்தது! அதற்குள் பரிமாறுகிறவர் எங்களைப் பார்த்துவிட்டார். "ஏம்மா வெளிய நிக்கிறீங்க, பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்கிட்டு வாங்க" என்று சுவரோரமாக ஒரு மேஜையைத் துடைத்துக் கொடுத்தார். எங்களை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மதுரைக்காரர்கள் சாப்பிடும்போது இலையைத்தான் பார்க்கிறார்கள்.

அயிரை மீன் குழம்பு வாங்கினோம். விரல் நீளம்கூட இல்லாத ஆற்று மீன், கண்மாய் மீன். உப்புப் போட்டு உரசி உரசிக் கழுவி, மண்வாடை போனபிறகு, புளிக் குழம்பில் முழுசாகப் போடுவது. முள்ளோடு மென்றுவிடலாம் என்பதால் சுண்ணாம்புச் சத்து தாராளம், பால் கொடுக்கிறவளுக்கு நல்லது. எனக்குச் சங்கடம் சோற்றில்தான் வந்தது. மெஸ் சாப்பாடு என்றால் சோறு கேட்கக் கேட்க விழும். "பாதி போதும்" என்றால் அவர்கள் மனசு கேட்காது. நான் முதலில் பொரியலையும் கூட்டையும் மீனையும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கைவைத்தேன். அப்படிச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது கொஞ்சம் மட்டுப்படுகிறது, வயிறும் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. இரண்டாம் முறை சோற்றோடு வந்தவரிடம் இலைமேல் கையைக் குறுக்கே வைத்தேன். "நல்லா இல்லியாம்மா?" என்று அவர் முகம் வாடிவிட்டது. "சுகருங்க" என்றேன். "அத முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று இன்னொரு கரண்டி கீரையைக் கொண்டு வந்து வைத்தார்.

திரும்பி வந்தபோது மணி இரண்டரை. அப்போதுதான் கல்லூரிச் சாப்பாடு ஆரம்பித்திருந்தது. காலையில் வடித்துக் கொட்டிய சாதம், மூடியபடி ஏழு மணி நேரம். அன்று மாலையே இரண்டு மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சாதம்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் சாதத்தை வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்கில் வைத்திருந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் பெருகும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அது விட்ட விஷம் போகாது. கல்யாணம், மாநாடு, கோயில் எதுவானாலும் கொதிக்கக் கொதிக்க இறக்குகிற பந்தியில் உட்காருங்கள். ஆறிப்போன அண்டாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். தேங்காய்ச் சட்னியையும் முகர்ந்து பார்த்துத் தொடுங்கள்.

அன்றிரவு தஞ்சாவூருக்கு என் டாக்டருக்குப் போன் செய்தேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "மாத்திரையை ரூம்ல ஏன் போட்டீங்க? சாப்பாடு முன்னால வந்தப்புறம் போடுங்க" என்றார். எனக்கு அவர் சொன்னது இது. உங்கள் மாத்திரைக்கு உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கும் பேசினேன். தக்காளித் தொக்கு தீர்ந்துவிட்டதாம், முதல் நாளே. நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, விடுதியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மேலமாசி வீதிக்குப் போனோம். மதுரையில் எனக்குப் பிடித்ததே இதுதான். மீனாட்சி கோயிலை நடுவில் வைத்து, சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று சதுரம் சதுரமாக ஊர். கோலத்தில் புள்ளியைச் சுற்றிக் கோடு இழுத்த மாதிரி. கிழக்கா மேற்கா என்று தெரிந்தால் போதும், தொலைந்து போக வழியில்லை.

முருகன் இட்லிக் கடை இந்த ஊரில் பிறந்து, சென்னைக்கும் கடல் கடந்தும் போனது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாழை இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, நாலு விதமான சட்னியை வண்ணம் வண்ணமாக வைத்துவிட்டு, ஆவி பறக்க இட்லியை வைத்தார்கள். இட்லி வந்தபிறகுதான் மாத்திரையைக் கிள்ளினேன். அந்த இட்லியைத் தொட்டால் விரல் புதைகிறது! நான் முப்பது வருஷமாக இட்லி ஊற்றுகிறேன், எனக்கு அந்தப் பதம் வந்ததில்லை. உளுந்து ஆட்டுவதிலா, மாவு பொங்குகிற நேரத்திலா, சூட்டிலா, தெரியவில்லை. சர்வரைக் கேட்டேன். "சாப்புடுங்கம்மா, ஆறிப்போகும்" என்றார். நல்ல பதில்!

வெளியூரில் காலை உணவுக்கு இட்லியைப் போல நம்பகமானது எதுவுமில்லை என்பது என் கட்சி. அரிசியும் உளுந்தும் சேர்வதால் இரண்டிலும் இருக்கிற புரதம் ஒன்றுக்கொன்று துணை. புளித்த மாவு, ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை, அப்போதுதான் தட்டிலிருந்து எடுத்தது. எட்டு மாதக் குழந்தைக்குக்கூட, சட்னி சாம்பார் படாத நடுப்பகுதியைப் பிட்டு, வெந்நீரில் மசித்துக் கொடுத்துவிடலாம். அந்தப் பயல் ஒரு முழு இட்லி சாப்பிட்டான். பொடியை எண்ணெயில் குழைத்துத் தொட்டுக்கொள்கிற ஆசையில் அவன் அம்மா ஐந்து சாப்பிட்டாள். "அக்கா, வீட்டுல மாமியார் முன்னால மூணுக்கு மேல கேக்க மாட்டேன்" என்றாள் மெதுவாக. அவள் இலையில் இன்னொன்றை வைக்கச் சொன்னேன்.

அன்று மாநாட்டில் எங்களுக்கு இன்னொரு சங்கடம், குழந்தைக்குப் பால் கொடுக்க இடமில்லை. பேருந்து நிலையங்களிலேயே 2015-ல் தமிழ்நாடு முழுவதும் பாலூட்டும் தாய்மார்களுக்குத் தனி அறை திறந்தார்கள். தாலாட்டைப் பற்றி மூன்று நாள் பேசுகிற இடத்தில் ஒரு நாற்காலிக்கு மறைப்புக் கிடையாது! பேராசிரியைகள் அறைக்குப் போய்க் கேட்டேன். கேட்டவுடனே திறந்துவிட்டார்கள், மின்விசிறியும் போட்டுவிட்டார்கள். முதல் நாளே கேட்டிருக்கலாம். மதியம் அந்த அறைக்குப் பக்கத்து வராந்தாவிலேயே இருவரும் காலையில் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சம்பழ சாதத்தைப் பிரித்துவிட்டோம், சரியாக ஒரு மணிக்கு.

சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை. வெள்ளையப்பம் என்று ஒன்று கொடுக்கிறார்கள். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் விட்டு எடுப்பது, மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. பச்சைச் சட்னி நாக்கைச் சுட்டுவிடும். நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன் என்று எழுதலாம். எழுதினால் அந்தப் பெண் படிப்பாள். இரண்டு சாப்பிட்டேன்.

ஜிகர்தண்டா இல்லாமல் மதுரையா என்று கேட்பீர்கள். விளக்குத்தூண் பக்கம் நடந்தோம். பழைய கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரியவைத்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக 19-ம் நூற்றாண்டில் நாட்டிய தூண் அது. இன்றைக்கு அவரை நினைத்துக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, ஜிகர்தண்டாவை நினைத்துக்கொண்டுதான் போகிறார்கள். இரவெல்லாம் ஊறிக் கண்ணாடிக் கட்டி போல உப்பிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், அதன் மேல் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். சர்க்கரைக்காரி பார்க்கக்கூடாத பட்டியல். அவள் ஒரு டம்ளர் வாங்கினாள். நான் அதிலிருந்து இரண்டு ஸ்பூன். நல்ல நாக்கு அதற்குமேல் கேட்கும், நாம் கொடுக்கக்கூடாது. விரலில் தொட்டுக் குழந்தை வாயில் வைக்கப் போனவளைத் தடுத்துவிட்டேன். இரண்டு வயது வரைக்கும் குழந்தைக்குச் சேர்த்த சர்க்கரை வேண்டாம் என்பது இன்றைய குழந்தை மருத்துவர்களின் பேச்சு. அதற்குப் பதிலாகத் தெருமுனை வண்டியில் அவளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். பருத்தி விதையை ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவு, வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய் சேர்த்துக் காய்ச்சியது. அந்தச் சூட்டுக்குத் தொண்டையெல்லாம் திறந்துவிடும். "தாய்ப்பால் ஊறும், குடி தாயி" என்றார் வண்டிக்காரப் பாட்டி. பால் ஊறுவது முக்கியமாகக் குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதால்தான். ஆனால் அந்தப் பாட்டியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சூடாக வயிற்றுக்குள் ஏதாவது போனால் சரி.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாநாடு முடிந்தது. ஏ.வி. பாலத்தைக் கடந்து சிம்மக்கல் போனோம். கோனார் மெஸ் கறி தோசை. அடியில் ஊத்தப்பம் மாதிரி தடித்த தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் மசாலாவில் வெந்த ஆட்டுக்கறியைப் பரப்பி, திருப்பிப் போட்டு அழுத்தி எடுக்கிறார்கள். எண்ணெய் தாராளம்தான், தினமும் சாப்பிடுகிற பண்டமில்லை. இரண்டு பேரும் ஒன்றைப் பாதியாகப் பிட்டுக்கொண்டோம். முதல் நாள் மெஸ் வாசலில் தயங்கி நின்ற நான், அன்று கூட்டத்தில் நாற்காலி காலியாகிற நேரம் பார்த்து முதலில் பையைப் போட்டு இடம் பிடித்தேன். பக்கத்தில் நின்ற மீசைக்காரர் ஒருவர், "அம்மா கெட்டிக்காரவுக" என்று தள்ளி நின்றார்.

ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் பிரேமா விலாஸில் பிள்ளைகளுக்கு அல்வா. இலையில் வைத்துச் சுடச்சுடக் கொடுத்த சாம்பிளை நான் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், அதற்குமேல் இல்லை. திருநெல்வேலிக்காரிக்கு மதுரை அல்வா பிடிக்குமா? "சுமாரா இருக்குக்கா" என்றாள். அரைக் கிலோ வாங்கினாள்.

அவள் ரயில் முதலில் வந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். ஏறியவள், ஜன்னல் வழியாக என் கையில் எதையோ திணித்தாள். நிலையத்து டீக்கடையில் கேட்டு வாங்கியிருக்கிறாள், மூன்று சர்க்கரைப் பொட்டலம்.

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது அவை தரையில் விழுந்தன. "இது என்னடி, மதுரையிலேருந்து சர்க்கரை வாங்கிட்டு வந்திருக்கே? நம்ம வீட்டுல இல்லாததா?" என்று அத்தை கேட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனவர், தன் சுருக்குப் பையை எடுத்து வந்து, வெற்றிலைக் காம்பைக் கொட்டிவிட்டு, அதில் மூன்று பொட்டலத்தையும் போட்டு என் கைப்பையின் ஓரத்தில் ஊசியால் குத்திவிட்டார்.

பத்து நாள் கழித்து மறுபடியும் ஒரு அழைப்பு வந்தது, கோயம்புத்தூரில் ஒரு கூட்டம். இந்தத் தடவை ஃபிரிட்ஜ் கதவில் காகிதம் ஒட்டவில்லை. அந்தக் காகிதத்தில், கோயம்புத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காலை ஏழு மணிக்கு இட்லி கிடைக்கிற இடங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன்.